அடுக்களைக்கு ஒரு புத்தகசாலை

உபாத்தியாயர் வீட்டுப் புத்தக அலமாரியில் இன்னின்ன நூல்கள்தாம் இருக்க வேண்டும் என்று உலகம் ஒரு தீர்மானம் செய்து வைத்திருக்கிறது. கம்பராமாயணம் இருக்கலாம். பரிமேலழகர் உரையுடன் திருக்குறள் இருக்கலாம். தடித்த அகராதி ஒன்று அவசியம் இருக்க வேண்டும். அதை யாரும் எடுத்துப் பார்க்க வேண்டுமென்ற நிர்ப்பந்தம் மட்டும் இல்லை. கள்ளக்குறிச்சியில் நம் வீட்டுக்கு முதன்முறை வருகிற நண்பர்கள் இந்த நம்பிக்கையுடனேயே கூடத்து அலமாரியின் அருகில் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சற்று நேரத்திற்கெல்லாம் அவர்கள் முகத்தில் ஒரு திகைப்புத் தோன்றுகிறது. மேல் தட்டில் ஊறுகாய். அடுத்த தட்டில் பட்சணம். அதற்கும் கீழே பத்தியச் சமையல், வடாம், வற்றல், பிரஷர் குக்கர்!

"வீட்டு அம்மாளுடைய புத்தகங்கள் போலிருக்கிறது?" என்று மெதுவாகக் கேட்பார்கள்.

இல்லை, அத்தனையும் நம் சேகரம்தான் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக வரும்: "அப்படியானால் சார் நன்றாகச் சமைப்பாராக்கும்!"

இதற்கு நாம் விடை சொல்ல வேண்டிய அவசியமே நேர்வதில்லை. உள்ளேயிருந்து வரும் சிரிப்புச் சத்தமே தக்க விடையாக அமைந்துவிடுகிறது. நம் இல்லாள் இந்த அலமாரியிலுள்ள நூற்றுச் சொச்சம் புத்தகங்களில் ஒன்றையேனும் அடுப்பருகே கொண்டுபோனவள் அல்லள். "புத்தகத்தைப் பார்த்துச் சமைத்தால் புத்தகந்தான் வேகும்" என்பது அவளுடைய சித்தாந்தம்.

ஆகவே, சமையல் செய்வதற்காக நாம் இவற்றைச் சேர்க்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். படிப்பதற்காகவே சேர்க்கிறோம். சமையல் புத்தகத்தைக் கதைப் புத்தகம் போல் இரவில் படுத்துக்கொண்டு படிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரே ஒரு சங்கடம், படித்து முடித்தபின் பசியெடுக்கும்.

பழைய சமையல் புத்தகங்களில் நமக்கு முதலில் பிரேமை உண்டாக்கியவை அவற்றின் அளவுகள்தாம். எலுமிச்சம்பழ அளவு புளி, சுண்டைக்காயளவு பெருங்காயம், கொட்டைப்பாக்களவு வெண்ணெய், நெல்லிக்காயளவு வெல்லம். ஒரு தோட்டமே தராசின் வேலையைச் செய்துகொண்டிருந்தது! எலுமிச்சம்பழத்தில் பெரிதும் உண்டு, சிறிதும் உண்டே என்று கேட்பவர்கள் அக்காலத்தில் சமையலறைக்குள் விடப்பட்டிருக்க மாட்டார்கள் போலும். கொஞ்சம் கறாரான ஆசிரியர்கள் "ஒரு ரூபாய் எடை" என்று எழுதினார்கள். வெள்ளி ரூபாய் நாணயமே ஒரு தோலா நிறை. சமையலறையில் ரூபாய்க்கு விலை தவிர நிறையும் இருந்த காலம் அது.

முகத்தல் அளவை இன்னும் சுவையானது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. நிறுத்தல் அளவையில் எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. இந்த வாய்பாட்டை வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் எழுதினோம். ஆழாக்கு என்ற சொல்லைப் பிள்ளைகள் ஏதோ ஊர்ப்பெயர் என்று எண்ணினார்கள். 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி 1958-லிருந்து படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் புழக்கத்துக்கு வந்தன. அந்த ஐந்தாறு வருஷங்களில் வெளியான சமையல் புத்தகம் ஒன்று உங்கள் பரணில் கிடக்குமானால், தூசி தட்டிப் பாருங்கள். எத்தனை பலம் எத்தனை கிராம் என்று ஓரத்தில் பென்ஸிலால் யாரோ ஓர் அம்மாள் கணக்குப் போட்டிருப்பாள். நம்மிடமுள்ள ஒரு பிரதியில் அந்தக் கணக்கு நான்கு இடங்களில் தப்பு. ஐந்தாவது இடத்திலிருந்து சரியாகிவிட்டது. பதினாறாம் பக்கத்துக்கும் இருபத்திரண்டாம் பக்கத்துக்கும் நடுவில் அந்த அம்மாள் தசாம்சம் கற்றுக்கொண்டிருக்கிறாள்!

கைமாறி வந்த புத்தகங்களின் பெருமையே இந்த ஓரக் குறிப்புகள்தாம். புதுப் புத்தகத்தில் ஆசிரியர் ஒருவர்தான் பேசுகிறார். பழைய புத்தகத்தில் வாங்கிய வீடு பதில் பேசுகிறது. "உப்பு அதிகம்." "இவர்களுக்குப் பிடிக்கவில்லை." "அண்ணா வந்தபோது செய்தது." ஒரு மைசூர்பாகு குறிப்பின் கீழே வேறொன்றும் எழுதாமல் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டு, அது தாளைக் கிழிக்கும்படி அழுத்தியிருக்கிறது. அன்று அந்த வீட்டில் என்ன நேர்ந்ததோ, யார் என்ன சொன்னார்களோ!

நிற்க. இந்தச் சேகரத்துக்கு உரியவற்றை எங்கே தேடுவது என்று நேயர்கள் கேட்கலாம். சென்னையில் மூர் மார்க்கெட் இருந்தவரை இந்தக் கேள்வி எழவில்லை. அது 1985-இல் தீக்கிரையாயிற்று. இப்போது புதுச்சேரியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இருக்கிறது; திருவல்லிக்கேணியின் நடைபாதைகள் இருக்கின்றன. 2019-இல் நம் ஊர் தனி ஜில்லாவின் தலைநகரான பிறகு புத்தகத் திருவிழாவும் ஊருக்கே வந்துவிட்டது. ஆனால் இவை எல்லாவற்றிலும் மேலான இடம் தெருமுனையிலுள்ள பழைய காகிதக் கடை. அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சமையலை ஏட்டில் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில், ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் பாணர்களுக்கு விருந்திடும்போது, பீமன் செய்த மடைநூலின் முறை தவறாமல் சமைத்த உணவு என்று புலவர் அதனைச் சிறப்பிக்கிறார். ஓய்மா நாடென்பது திண்டிவனத்தைச் சேர்ந்த பிரதேசம். நமக்கு அண்டை வீடுதான். மடை என்றால் சோறு, சமையல். ஆக, சமையல் நூலைப் பார்த்துச் சமைப்பது ஒரு பெருமை என்று நம் பக்கத்து ஊரில் அந்நாளிலேயே கருதியிருக்கிறார்கள். நம் இல்லாளுக்கு இந்தச் செய்தியை எடுத்துச் சொன்னோம். "அந்தப் பீமன் விராடன் வீட்டில் சமைத்தபோது எந்தப் புத்தகத்தைப் பார்த்தானாம்?" என்று கேட்டாள்.

தஞ்சை சரஸ்வதி மகாலில் சரபேந்திர பாக சாஸ்திரம் என்றொரு மராத்திச் சுவடி உண்டு. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் அரண்மனைப் பாகங்களைச் சொல்வது அது. அச்சில் வந்த தமிழ்ப் புத்தகங்களில் பழையதொன்று இராமச்சந்திர ராவ் என்பவர் 1891-இல் வெளியிட்ட இந்து பாக சாஸ்திரம். அதற்கும் முன்பே, 1878-இல், சென்னையிலிருந்த கென்னி ஹெர்பர்ட் என்னும் ஆங்கிலேய ராணுவ உத்தியோகஸ்தர் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் துரைசானிமார்களுக்காக ஒரு சமையல் புத்தகம் எழுதினார். அதில் சமையற்காரர் வருகிற இடமெல்லாம் அவர் பெயர் ராமசாமி. சென்னை ராஜதானியில் சமையல் செய்தவர்கள் அத்தனை பேருக்கும் துரை வைத்த பெயர் அது ஒன்றுதான்! குழம்புக்கு எந்த மசாலை எப்போது சேர வேண்டும் என்பதில் மிக்க நுட்பம் காட்டிய அந்த மனிதருக்கு, அதைத் தமக்குச் செய்து காட்டியவரின் பெயர் மட்டும் நினைவில் நிற்கவில்லை. மிளகுத் தண்ணீரை 'முல்லிகடானி' ஆக்கியவர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இங்கிலாந்தில் 1861-இல் புத்தகம் வெளியிட்ட பீட்டன் சீமாட்டிக்கு அப்போது வயது 25. இருபத்தெட்டாவது வயதில் இறந்தும் போனாள். அவளுடைய படத்தை மனத்தில் கற்பனை செய்தவர்கள் எல்லாரும் ஒரு தடித்த பாட்டியம்மாளைத்தான் கற்பனை செய்தார்கள். அவள் குறிப்புகளில் பெரும்பாலானவை பிறரிடமிருந்து எடுத்தவை என்று பின்னால் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டார்கள். இருந்தாலும், வேண்டிய சாமான்களை முதலில் வரிசையாகச் சொல்லி, ஆகும் நேரத்தையும் செலவையும் குறித்த அவளது ஒழுங்கு உலகமெங்கும் பரவிற்று.

தமிழில் அந்த இடத்தைப் பெற்றவர் ஸ்ரீமதி எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அவர் கைப்பாகத்தை அறிந்த உறவினர்கள் அது எப்படி, இது எப்படி என்று ஓயாமல் கேட்டு வந்தார்கள். மாமா கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர், எல்லாவற்றையும் புத்தகமாகவே எழுதிவிடலாமே என்று தூண்டினார். 1951-ஆம் வருஷத்தில் 'சமைத்துப் பார்' வெளியாயிற்று. பின்னர் மேலும் இரண்டு பாகங்கள் வந்தன. கல்யாணமாகிக் கடல் கடந்து போன எத்தனையோ பெண்களின் பெட்டியில் பட்டுப்புடவைக்கடியில் அந்தப் புத்தகம் போயிருக்கிறது. அருகில் அத்தையோ மாமியாரோ இல்லாத பெண்ணுக்கு எந்த இடத்தில் சந்தேகம் வரும் என்பதை ஆசிரியை முன்னதாகவே அறிந்து எழுதியிருக்கிறார். நம்மிடம் அதன் மூன்று பிரதிகள் உள்ளன. ஒன்றில் அட்டை இல்லை; ஒன்றில் சாம்பார்ப் பொடி வாசனை இன்னும் போகவில்லை. சுத்தமாக இருப்பது மூன்றாவது பிரதி. அதை நாம் எடுப்பதேயில்லை.

மீனாட்சி அம்மாளுக்கு ஒரு மாமா வாய்த்தார். அப்படி வாய்க்காத பெண்கள் லட்சக்கணக்கானவர்கள். அவர்களும் எழுதத்தான் எழுதினார்கள். கோடு போட்ட கணக்கு நோட்டில் எழுதினார்கள்.

நம் தாயாரும் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார். நீல அட்டை, நடுவில் தைத்த நூல் அறுந்துபோய், புடவைக் கரையிலிருந்து உருவிய நூலால் மறுபடி தைத்தது. முன்பக்கத்திலிருந்து பால் கணக்கும் பின்பக்கத்திலிருந்து பாகக் குறிப்பும் எழுதி வந்தார். இரண்டும் நடுவில் சந்தித்தபோது நோட்டு முடிந்தது. அவர் காலமான மறு வருஷம் போகிப் பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்தோம். பழைய பரீட்சைத் தாள்கள், செய்தித்தாள்கள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் கட்டிப் பழைய காகிதக் கடையில் நாமே கொண்டுபோய்ப் போட்டோம். கடைக்காரர் கிலோவுக்கு எட்டு ரூபாய் கொடுத்தார். நோட்டு அந்தக் கட்டில்தான் இருந்தது என்பது தீபாவளிக்கு அதிரசம் செய்ய வேண்டிவந்தபோதுதான் தெரிந்தது. பத்து மாதம் ஆகியிருந்தது.

அதிரசம் செய்தறியாதவர்களுக்கு இதன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் வரும் தறுவாயில் இடித்துச் சலிக்க வேண்டும். அதுவரை யாரும் செய்துவிடலாம். வெல்லப்பாகு காய்ச்சுவதில்தான் விதி இருக்கிறது. பாகு இளகலாயிருந்தால் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் கரைந்து பிரிந்துவிடும். முறுகிவிட்டால் கல்லாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம்; அது அடுப்பின்மேல் ஒரு நிமிஷங்கூடத் தங்குவதில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் அரைத்துக்கொண்டிருக்கும் கரும்புச் சீமையில் வாழ்ந்துகொண்டு, வெல்லப்பாகு தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தத் தீபாவளிக்கு அதிரசம் கரைந்தது. அடுத்த தீபாவளிக்கு நாம் பதினொரு சமையல் புத்தகங்களை வாங்கியிருந்தோம். நம் சேகரம் பிறந்த கதை இதுதான். பதினொன்றையும் மேஜைமேல் விரித்து ஒப்பிட்டோம். ஒருவர் கம்பிப் பதம் என்றார். ஒருவர் உருட்டுப் பதம் என்றார். ஒருவர் பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் திரள வேண்டும், ஆனால் கெட்டியாக இருக்கலாகாது என்றார். ஒருவர் தைரியமாக "தக்க பதம் வந்ததும் இறக்கவும்" என்று எழுதிவிட்டுச் சுக்கு ஏலக்காய்க்குப் போய்விட்டார். அந்தப் பதம் எது என்பதைத் தாயார் நோட்டில் ஒரே வரியில் எழுதியிருந்ததாக நினைவு. எந்த ஓசையையோ எந்த வாசனையையோ சொல்லியிருந்தார். எது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவர் இருந்தபோது நாம் ஒருநாளும் அந்த அடுப்பண்டை நின்றதில்லை. பட்சணம் தட்டில் வந்தபிறகுதான் எழுந்து போனோம்.

ஆகையால், பழைய காகிதக் கடைகளில் இப்போது நம்மை நன்றாகத் தெரியும். கட்டுக் கட்டாக வரும் காகிதங்களில் கையெழுத்து நோட்டுகளைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். நம் அலமாரியின் அடித்தட்டில் அப்படி வந்த ஏழு நோட்டுகள் உள்ளன. ஏழும் யாரோ பெற்ற தாய்மார்களுடையவை. எழுதியவர்களின் பெயர்கள் இரண்டில்தான் உண்டு. அவற்றைக் கறையான் அணுகாமல் பார்ப்பதும், இராமபாணப் பூச்சி புகாமல் வேப்பிலையும் வசம்பும் இடுவதும், ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் நிழலில் காற்றாட வைப்பதும் நம் வேலை. கிழிந்த தாளில் ஒட்டு நாடாவை மட்டும் போடாதீர்கள். சில வருஷத்தில் நாடா பழுத்துத் தாளையும் அழித்துவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து இரண்டு மூன்று இடங்களில் வைத்துக்கொள்ளுவது இன்று எல்லார்க்கும் கூடிய காரியம்.

இப்படித் தனி மனிதர் சேர்த்தது ஊருக்கு உதவியதும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா செட்டியார் பல்லாயிரக்கணக்கான தமிழ்ப் புத்தகங்களையும், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் முதலியவற்றையுங்கூடச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபிறகு சிகாகோ சர்வகலாசாலை அந்தச் சேகரத்தை வாங்கிற்று. அவர் பெயராலேயே அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றுவிட்டது. குப்பை என்று பிறர் நினைத்ததை எடுத்து வைத்த கை அது. நம் ஏழு நோட்டுகளை அதனோடு ஒப்பிடுவது மடமை. ஆனால் மனத்துக்கு ஒரு தெம்பு.

இனி, நம் அலமாரியின் கர்வத்தை அடக்கிய சம்பவத்துக்கு வருவோம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. நாம் நம் சமையல் புத்தகங்களில் அறுபதைக் கொண்டுபோய் இரண்டு பெஞ்சுகளின்மேல் பரப்பினோம். செட்டிநாடு, கொங்கு, தஞ்சை, யாழ்ப்பாணம், வங்காளம், பஞ்சாப் என்று சீட்டெழுதி வைத்தோம். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் ஒருவன் ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே கடைசிவரை போனான். பிறகு திரும்பி வந்தான்.

"சார், எங்க மலை எதிலே இருக்கு?"

ஒரு சாதாரணக் கேள்வி. ஆனால் நமக்குப் பதில் கிடைக்கவில்லை. அன்று இரவு அலமாரி முழுவதையும் புரட்டினோம். சாமை என்ற சொல்லே பழைய புத்தகங்களில் இரண்டொரு இடத்தில்தான், அதுவும் விரத நாள் பலகாரத்தில் எட்டிப் பார்த்தது. 2023-ஆம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதை ஒட்டி வெளியான புதுப் புத்தகங்களில் சாமை ஏராளமாக இருந்தது. சாமைப் பிரியாணி, சாமைப் பாயசம், சாமைப் பொங்கல்! எல்லாம் பட்டணத்துப் பண்டங்கள். அரிசி இருந்த இடத்தில் சாமையை உட்கார வைத்திருந்தார்கள். சாமையைத் தலைமுறை தலைமுறையாக விளைத்து உண்டவர்கள் அதை எப்படி உண்டார்கள் என்று ஒரு வரி இல்லை. அர்ஜுன் அப்பாதுரை என்னும் மானிடவியல் அறிஞர் 1988-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நகரத்து மத்திய வகுப்புப் பெண்மணிகள் படித்த சமையல் புத்தகங்களே இந்தியாவுக்கு ஒரு தேசியச் சமையலை உருவாக்கி வருகின்றன என்று காட்டினார். குஜராத்தி வீட்டு டோக்ளாவைத் தமிழச்சியும், நம் இட்லியைப் பஞ்சாபியும் அறிந்தது அவ்வழியில்தான். தேசம் ஒரே பந்தியில் உட்காருவதில் நமக்கு மட்டற்ற மகிழ்ச்சி உண்டு. ஆனால் பந்திக்கு அழைப்பு யாருக்குப் போகவில்லை என்பதை ஒரு பள்ளிப் பையன் கேட்கும்படி ஆயிற்று.

கோடை விடுமுறையில் அவனுடன் மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாகக் கரும்புக் கொல்லைகள் முடிகிற இடத்தில் மலைப்பாதை தொடங்குகிறது. கரியாலூர் வழியே வெள்ளிமலைக்கு ஏறுவதற்குள் காற்று மாறிவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 முதல் 4,000 அடி வரை உயர்ந்த இந்த மலைகள் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. இங்கே மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்தாருக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. 1947-இல் தேசம் விடுதலை அடைந்தபோது இந்த மலை அடையவில்லை. மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த இம்மலையை 1976-இல்தான் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. நாம் பிறப்பதற்கு ஒரு சில வருஷங்களுக்கு முன்பு வரை, மலையடிவாரத்திலிருந்து சில மைல் தூரத்தில் ஒரு சிறு ராஜ்யம்! நம் சரித்திரப் பாடங்களில் இதற்கும் சமையல் புத்தகத்தில் கிடைத்த இடந்தான் கிடைத்திருக்கிறது.

பையனுடைய ஆயா (இப்பக்கத்தில் பாட்டியை இப்படித்தான் அழைப்பார்கள்) நாம் வந்த காரியத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

"எளுதி என்ன பண்ணப் போற சாமி? தின்னுட்டுப் போ."

தின்றுவிட்டே எழுதுவதாக ஒப்பந்தம் ஆயிற்று. சாமைச் சோறு எப்படிச் செய்வது என்று கேட்டோம். நம் புத்தகங்களைப் போல் "சாமை அரிசி இரண்டு ஆழாக்கு" என்று தொடங்குவாள் என்று எதிர்பார்த்துப் பேனாவைத் திறந்தோம். அவள் கொல்லையிலிருந்து தொடங்கினாள். எந்தச் சரிவில் விதைத்தது, கதிர் எப்போது அறுத்தது, களத்தில் எத்தனை நாள் காய்ந்தது என்று வந்தாள். அப்புறம் உரலில் இட்டு உலக்கையால் குத்த வேண்டும். முறத்தால் புடைக்க வேண்டும். உமி முழுதும் போயிராது. மறுபடி குத்திப் புடைக்க வேண்டும். பின்பு தண்ணீரில் இட்டுச் சட்டியை ஆட்டி ஆட்டிக் கல் அரிக்க வேண்டும். சாமை கடுகு போன்ற தானியம். அதில் மண் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, பல்லுக்குத்தான் தெரியும். அடுப்பு மூட்டுவதற்கு முன்னாலேயே நம் நோட்டில் இரண்டு பக்கம் ஓடிவிட்டது. உலை கொதித்த பிறகு சோறாவதற்கோ நான்கே வரிகள்.

இதை எழுதும்போதுதான், இந்தச் சோறு ஏன் மலையிலேயே அருகிப் போகிறது என்பது விளங்கிற்று. குத்துகிற கைகள் ஓய்ந்துபோயின. கொல்லைகளில் மரவள்ளியும் மக்காச்சோளமும் ஏறிவிட்டன. அவற்றை விற்றால் காசு வரும். 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. பசியை ஆற்றிய அந்த அரிசியைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆயாவின் உரல் மாட்டுக் கொட்டகையின் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. "அரிசிச் சோறு தின்னா பொளுது சாயறதுக்குள்ள பசிக்குது" என்றாள் அவள். நமக்காகத்தான் உரலை நிமிர்த்தினார்கள்.

தண்ணீர் எவ்வளவு என்று கேட்டோம். சட்டியில் விரலை நிறுத்தி, "இந்தக் கணு வரைக்கும்" என்று காட்டினாள். யார் விரல், எந்தச் சட்டி என்று கேட்கிற துணிவு நமக்கு வரவில்லை. எலுமிச்சம்பழத்தையும் கொட்டைப்பாக்கையும் ரசித்தவர்களாயிற்றே! பையன் மட்டும் ஒரு தம்ளரைக் கொண்டுவந்து, ஆயா எடுத்த சாமையையும் ஊற்றிய நீரையும் தனித்தனியே அளந்து குறித்துக்கொண்டான். சாமைக்கு இரண்டரை மடங்கு நீர். அந்தக் கணு பொய் சொல்லவில்லை.

சோற்றுக்கு அவரைக்கொட்டை போட்ட புளிக்குழம்பும், கொல்லையில் தானே முளைத்த பண்ணைக் கீரையும் வைத்தார்கள். வாயில் வைத்ததும் நமக்கு ஒரு பழைய பாட்டு ஞாபகத்துக்கு வந்தது. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒன்று இருக்கிறது. செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு, வழியில் மலைநாட்டார் என்னென்ன தருவார்கள் என்று புலவர் சொல்லிக்கொண்டு போகிறார். மூங்கிலரிசி, மேட்டு நிலத்து நெல்லரிசி, அவரை விதை, புளி எல்லாம் சேர்ந்த புளிங்கூழ் அதில் வருகிறது. செங்கம் இந்த மலைக்கு வடக்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். வகுப்பில் எத்தனையோ முறை அந்தப் பகுதியை நாம் நடத்தியிருக்கிறோம். அவரையும் புளியும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை, நமக்கும் தோன்றியதில்லை. இங்கே அதன் தங்கை இலையில் ஆவி பறந்துகொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் ஒரு புது நோட்டு வாங்கினோம். கோடு போட்டது, நீல அட்டை. பையனே எழுதட்டும் என்று அவன் கையில் கொடுத்தோம். நம் எழுத்தைவிட அவன் எழுத்து நன்றாக இருக்கிறது என்பது ஒரு காரணம். ஆயா சொன்னபடியே, கொல்லையிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறான். அவள் பேச்சையும் திருத்தவில்லை. கேழ்வரகுக் களி, புளி கரைக்கும் விதம், பண்ணைக் கீரை என்று இதுவரை ஒன்பது குறிப்புகள் சேர்ந்துள்ளன. மரச்சிற்பத்துக்காக 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊரில் ஒரு சிற்பியிடம் இந்த நோட்டுகளுக்கென்று சிறிய பெட்டி ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறோம். மூடியில் யானை வைக்கட்டுமா, மயில் வைக்கட்டுமா என்று கேட்டார். உரல் வைக்க முடியுமா என்றோம். ஆசாமி சற்றுநேரம் நம்மைப் பார்த்துவிட்டு, முயன்று பார்ப்பதாகச் சொன்னார்.

சென்ற வாரம் நோட்டைக் காணவில்லை. ஒரு நிமிஷம் நமக்கு நெஞ்சு நின்றுவிட்டது. கடைசியில் அது அடுப்பு மேடையில், பருப்பு டப்பாவின்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. சாமைச் சோற்றுப் பக்கம் திறந்திருந்தது. விளிம்பில் புதிதாக ஒரு மஞ்சள் கறை. நம் இல்லாள் திரும்பிப் பாராமலே, "இதில் உப்பு எவ்வளவு என்று போடவே இல்லையே?" என்றாள்.

பார்த்தோம். உண்மைதான். உப்பு என்று எழுதி அதற்கு நேரே பையன் இடம் விட்டிருக்கிறான். பக்கத்தில் பென்ஸிலால் சிறிய எழுத்தில், 'ஆயாவைக் கேட்க வேண்டும்' என்று இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தம்ளரையும் எடுத்துக்கொண்டு போகிறானாம்.